மாவு எப்போது ஊறும் என்று யாரும் கேட்கவில்லை

சிங்கப்பூரில் தேக்கா பக்கத்துச் சந்து ஒன்றில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்கு, விசேஷ ஆர்டர்களைப் பதிவு செய்ய ஒரு செயலி செய்து கொடுத்தோம். அது என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தேவைப் பட்டியலை எழுதியவன் நான். ஆவணம் ஆங்கிலத்தில் இருந்தது, அதன் 4-வது வரியைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: “வாடிக்கையாளர் தம் ஆர்டரை மாற்றலாம்.” முதலாளி படித்துத் தலையாட்டினார். செயலியைக் கட்டப்போகும் நிரலரும் தலையாட்டினார். செயலி ஓடத் தொடங்கிய மூன்றாவது வாரம், சனிக்கிழமை இரவு 10 மணிக்கு, ஈசூனில் புதுமனை புகுவிழா வைத்திருந்த ஒரு குடும்பம் 40 பேருக்குச் சொல்லியிருந்த இட்லியை 90 பேருக்கு என்று மாற்றியது. செயலி ஒரு நொடியில் ஏற்றுக்கொண்டது; நன்றியும் சொன்னது. ஞாயிறு காலை 7 மணிக்குச் சாப்பாடு போய்ச் சேர வேண்டும்.

இட்லிக்கு அரிசியும் உளுந்தும் நான்கைந்து மணி நேரம் ஊற வேண்டும். பிறகு அரைத்து, இரவெல்லாம் புளிக்க விட வேண்டும். ஞாயிறு காலை இட்லிக்கு மாஸ்டர் சனிக்கிழமை பகல் 1 மணிக்கே அரிசியை ஊறப்போட்டுவிடுவார். இரவு 10 மணிக்குக் கூடிய 50 பேருக்கு மாவு எங்கிருந்து வரும்? அக்கம்பக்கத்துக் கடைகளில் கெஞ்சிக் கொஞ்சம் மாவு வாங்கினார்கள். மீதிப் பேருக்கு உப்புமா கிண்டிக் கொடுத்தார்கள். புதுமனை புகுவிழாவில் உப்புமா சாப்பிட்டவர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை உங்கள் கற்பனைக்கு விடுகிறேன்.

நிரலரைக் குற்றம் சொல்ல வழியில்லை. எழுதியதை அப்படியே கட்டினார். சோதனை செய்தவரும் 4-வது வரியைப் பார்த்து, ஆர்டரை மாற்றிப் பார்த்து, சரி என்று குறி போட்டார். எல்லாரும் தங்கள் வேலையைச் சரியாகச் செய்தும் தவறான பொருள் வந்து சேர்ந்தது.

எங்கள் தொழிலில் ரெக்வயர்மென்ட் என்று சொல்வதைத்தான் இங்கே தேவை என்று எழுதுகிறேன். மென்பொருள் என்ன செய்ய வேண்டும், எந்த எல்லைக்குள் செய்ய வேண்டும் என்று காசு கொடுப்பவரும் கட்டுகிறவரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட கூற்றுக்குத் தேவை என்று பெயர். எந்த மொழியில் நிரல் எழுதுவது, தரவை எங்கே வைப்பது என்பதெல்லாம் பெரும்பாலும் அதில் வராது. ஐபிஎம் நிறுவனத்தில் சிஸ்டம்/360 கணினிகளின் இயக்க மென்பொருளை உருவாக்கும் பணிக்குத் தலைமை தாங்கிய பிரெடரிக் புரூக்ஸ், எதைக் கட்டுவது என்று துல்லியமாக முடிவு செய்வதுதான் மென்பொருள் வேலையிலேயே மிகக் கடினமான பகுதி என்று 1986-இல் எழுதினார். கருவிகள் எவ்வளவோ மாறிவிட்டன. அந்தக் கடினம் மட்டும் குறைந்ததாக எனக்குத் தெரியவில்லை.

யாரைக் கேட்பது

நான் பார்த்த வரையில், தேவைகள் கெட்டுப்போவதற்கு முதல் காரணம் விஷயம் தெரிந்தவரைக் கேட்காமல் விடுவது. நாங்கள் கூட்டம் போட்டதெல்லாம் காலை 10 மணிக்கு. முதலாளி வந்தார், கணக்குப் பார்ப்பவர் வந்தார். மாஸ்டர் அந்த நேரத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் குழம்பு கூட்டிக்கொண்டிருப்பார். அவரைக் கூப்பிட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. செயலியை அவர் தொடப்போவதில்லை என்று நினைத்தோம். செயலியைத் தொடாதவர்தான் அதன் விளைவை முழுக்கச் சுமந்தார்.

ஆகவே ஒரு திட்டம் தொடங்கும்போது நான்கு வகையான ஆட்களைத் தேடுங்கள். காசு கொடுப்பவர், பயன்படுத்துபவர் ஆகிய இருவரையும் எல்லாரும் தேடுவார்கள். மூன்றாமவர் பயன்படுத்தாமலே பாதிக்கப்படுபவர்: எங்கள் கதையில் மாஸ்டரும் வேன் ஓட்டுநரும். நான்காமவர் ‘கூடாது’ என்று சொல்லும் அதிகாரம் உள்ளவர்: சட்டம், வரி, தணிக்கை. அவர் கூட்டத்துக்கு வரமாட்டார். நாம்தான் தேடிப் போக வேண்டும்.

உப்புமாச் சம்பவத்துக்குப் பிறகு இரண்டு காலைப் பொழுதும் ஒரு மாலையும் கடையில் போய்ச் சும்மா உட்கார்ந்தேன். கல்லாவில் இருக்கும் அக்கா ஒரு நீல நோட்டில் ஆர்டர்களை எழுதுவார். சில பெயர்களுக்குப் பக்கத்தில் மட்டும் சிறிதாக ‘க’ என்று போட்டிருந்தது. என்ன அக்கா இது என்று கேட்டேன். “அது கருமாதிச் சாப்பாடு, தம்பி. அந்த வீட்டுக்கு ‘மறுபடியும் வாருங்கள்’ என்று சொல்லக்கூடாது இல்லையா?” என்றார்.

எனக்கு உடம்பு ஒரு கணம் குளிர்ந்துவிட்டது. சாப்பாடு போய்ச் சேர்ந்த மறுநாள், “உங்கள் விழா இனிதே நடந்திருக்கும் என்று நம்புகிறோம், மீண்டும் அழையுங்கள்” என்று வாடிக்கையாளருக்குத் தானாகவே செய்தி போகும் வசதியை அடுத்த மாதம் கொடுப்பதாக இருந்தோம். அந்த வசதிக்கான தேவை ஆவணம் 2 பக்கம் இருந்தது. எழுத்தின் அளவு, அனுப்பும் நேரம், கடையின் சின்னம் எல்லாம் அதில் இருந்தன. துக்க வீடு என்ற சொல் இல்லை.

அக்காவை முன்பே ஒருமுறை பேட்டி கண்டிருந்தேன். அவர் எதையும் மறைக்கவில்லை. பல வருடம் கையோடு ஊறிய பழக்கம் வாயில் வராது. வேட்டி கட்டத் தெரிந்தவரிடம், கட்டிக் காட்டாமல் தொலைபேசியில் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். அதனால்தான் பேட்டியோடு நிறுத்தாமல், வேலை நடக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறேன். நோட்டுகளின் ஓரங்களையும் சுவரில் ஒட்டிய காகிதங்களையும் பாருங்கள். பழைய முறையில் மனிதர்கள் தாங்களாகச் சேர்த்துக்கொண்ட குறிகளில்தான் எழுதப்படாத தேவைகள் இருக்கும்.

கேட்கிறவர் பல சமயம் தேவையைச் சொல்லாமல் தீர்வையே சொல்லிவிடுவார். “வாட்ஸ்அப்பில் வருகிற மாதிரி இரண்டு நீல டிக் வேண்டும்” என்றார் முதலாளி. ஏன் என்று கேட்டேன். சாப்பாடு கொடுத்துவிட்டேன் என்று ஓட்டுநர் சொல்கிறார், வரவில்லை என்று வாடிக்கையாளர் கூப்பிடுகிறார், யாரை நம்புவது என்றார். சரி, உண்மையில் என்ன ஆகிறது என்று ஓட்டுநரிடம் கேட்டபோது, அடுக்குமாடி வீடுகளில் கீழ்த்தளத்தில் நிற்கும் உறவினர் ஒருவர் வாங்கி வைத்துவிடுகிறார், மேலே வீட்டுக்காரருக்கு அது தெரியாது என்றார். நீல டிக் இதைத் தீர்க்காது. யார் வாங்கினார், எங்கே, எப்போது என்ற பதிவு கடைக்கு வேண்டும், அதுவே தேவை. இப்போது ஓட்டுநர் ஒரு படம் எடுத்து, வாங்கியவர் பெயரைத் தட்டிவிடுகிறார். டிக் எதுவும் இல்லை.

‘வேண்டும்’ என்ற சொல்

நாம் தமிழில் கேட்டு ஆங்கிலத்தில் எழுதுகிறோம். கட்டுகிறவர் சீனராகவோ வியட்நாமியராகவோ இருப்பார். சிங்கப்பூரில் இது அன்றாடம். தமிழ்ச் சொற்களில் சில, இந்தப் பயணத்தில் வழியிலேயே பொருளைத் தொலைத்துவிடும்.

‘வேண்டும்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசைக்கும் அதே சொல், கட்டாயத்துக்கும் அதே சொல். “ரசீதில் கோயில் படம் வேண்டும்” என்பதும் “ரசீதில் வரித் தொகை இருக்க வேண்டும்” என்பதும் காதுக்கு ஒரே எடையில் கேட்கின்றன. முன்னது இல்லாவிட்டால் முதலாளிக்கு வருத்தம். பின்னது இல்லாவிட்டால் சட்டச் சிக்கல். ‘-லாம்’ விகுதி இன்னும் வழுக்கும். நான் எழுதிய 4-வது வரி, முதலாளி சொன்ன ‘மாற்றலாம்’ என்ற சொல்லிலிருந்து வந்தது. ‘மாற்ற உரிமை உண்டு’ என்று நான் எடுத்துக்கொண்டேன். ‘கேட்டுப் பார்க்கலாம், முடிந்தால் மாற்றித் தருவோம்’ என்பதுதான் அவர் நினைத்தது. தமிழில் இரண்டுக்கும் இடம் இருக்கிறது.

இந்தக் குழப்பம் நமக்கு மட்டும் உரியதல்ல. இணைய நெறிமுறைகளை எழுதுவோருக்கும் ஆங்கிலத்தில் இதே தலைவலி இருந்தது. 1997-இல் வெளியான ஆர்எஃப்சி 2119 என்ற சிறிய ஆவணத்தில், மஸ்ட் என்றால் விலக்கே இல்லாத கட்டாயம், ஷுட் என்றால் தகுந்த காரணம் இருந்தால் விலகலாம், மே என்றால் அவரவர் விருப்பம் என்று வரையறுத்து வைத்தார்கள். இன்றுவரை அதைப் பின்பற்றுகிறார்கள். நீங்களும் உங்கள் பட்டியலின் தலைப்பில் இப்படி மூன்று வரி எழுதிவிட்டால் பாதிச் சண்டை குறையும்.

‘வரை’, ‘மேல்’ இரண்டும் எல்லைச் சொற்கள். வெள்ளிக்கிழமை வரை என்றால் வெள்ளிக்கிழமை சேர்த்தியா? 50 பேருக்கு மேல் தள்ளுபடி என்றால் சரியாக 50 பேர் உள்ளவருக்கு உண்டா? மனிதர் மனிதருக்குச் சொன்னால் சிரித்துச் சமாளித்துவிடுவோம். கணினிக்கு ஏதாவது ஒரு பக்கம் விழுந்தே ஆக வேண்டும். எந்தப் பக்கம் என்று நாம் சொல்லாவிட்டால், இரவு நேரத்தில் களைத்துப்போன ஒரு நிரலர் முடிவு செய்துவிடுவார்.

எழுவாய் இல்லாத வாக்கியங்களும் அப்படியே. “செய்தி அனுப்பப்படும்.” யாரால்? யாருக்கு? எப்போது? தமிழில் எழுவாயை விட்டுவிட்டு அழகாகப் பேசலாம். தேவையில் மட்டும் அந்த அழகு வேண்டாம்.

‘பார்சல்’ கதையைச் சொல்லாமல் நகர மனமில்லை. கடையில் பார்சல் என்றால் வாழையிலையில் மடித்து, வாங்க வந்தவரே கையில் கொண்டு போவது. ஆவணத்தில் ‘பார்சல் ஆர்டர்’ என்று எழுதியிருந்தேன். வியட்நாமிலிருந்து வந்த நிரலர், பார்சல் என்றால் தபாலில் போகும் பொட்டலம் என்று எண்ணி, முகவரி கட்டாயம், 6 இலக்க அஞ்சல் குறியீடு கட்டாயம், மாடி எண் கட்டாயம் என்று ஒரு திரையைச் செய்து வைத்தார். வாசலில் நிற்பவர் இரண்டு பரோட்டா வாங்கத் தன் வீட்டு எண்ணைச் சொல்ல வேண்டும்! அன்று முதல் எந்தத் திட்டத்திலும் முதல் வாரமே ஒரு சொற்பட்டியல் போடுகிறேன்: கடையில் வழங்கும் 20, 30 சொற்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி விளக்கம். சலிப்பான வேலைதான். அதைவிட அதிகம் பலன் தந்த வேலை வேறு எதுவும் எனக்கு நினைவில்லை.

சோதித்துப் பார்க்கத் தக்கதாக எழுதுவது

4-வது வரியைத் திருத்தி எழுத எங்களுக்கு ஒரு மாலை முழுவதும் தேவைப்பட்டது. இந்த முறை மாஸ்டரும் இருந்தார். கூட்டத்தை அடுப்படிக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டோம். வந்து சேர்ந்த வரிகள் இவை:

“இட்லி அல்லது தோசை உள்ள ஆர்டரில் ஆள் எண்ணிக்கையை, சாப்பாடு கொடுக்க வேண்டிய நாளுக்கு முந்தைய நாள் பகல் 12:00 மணிக்கு முன்புவரை வாடிக்கையாளர் தாமே கூட்டிக்கொள்ள முடியும். 12:00 மணி தொடங்கியதும் செயலி அதை ஏற்காது. கடையின் தொலைபேசி எண்ணைக் காட்டும். கல்லாவில் இருப்பவர் மட்டும் அதற்குப் பிறகும் கூட்ட முடியும். அப்படிச் செய்தால் யார் செய்தார் என்பது பதிவாகும்.”

அதற்குக் கீழே எடுத்துக்காட்டுகள் எழுதினோம். ஞாயிறு காலை ஆர்டர். சனி 11:59-க்கு 40-ஐ 90 ஆக்கினால் ஏற்கும். சனி 12:00-க்கு ஆக்கினால் ஏற்காது. சோறு, குழம்பு மட்டும் உள்ள ஆர்டருக்கு இந்த விதி பொருந்தாது. இப்படி நேரத்தையும் எண்ணையும் போட்டு எழுதியதும், “குறைத்தால் என்ன செய்வது?” என்று மாஸ்டரே கேட்டார். 90-ஐ 40 ஆக்கினால் ஊறின அரிசி என்ன ஆவது? பொதுப்படையாகப் பேசிய மூன்று கூட்டங்களில் எழாத கேள்வி அது.

ஒரு தேவை சரியாக எழுதப்பட்டிருக்கிறதா என்று அறிய நான் வைத்திருக்கும் சோதனை இதுதான்: கடையைப் பார்த்தே இராத ஒருவர், செயலியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த வரி நிறைவேறியிருக்கிறதா என்று ஆம், இல்லை என்ற ஒரே சொல்லில் பதில் சொல்ல முடிய வேண்டும். “வேகமாக இருக்க வேண்டும்” இந்தச் சோதனையில் தோற்கும். “தீபாவளிக்கு முந்தைய வாரத்து ஆர்டர்கள் அத்தனையும் உள்ளே இருக்கும்போது, கல்லாவில் உள்ள கைப்பேசியில் பெயரைத் தட்டினால் 2 நொடிக்குள் ஆர்டர் தெரிய வேண்டும்” என்பது தேறும்.

சரியாக எழுதிவிட்டால் மட்டும் போதாது என்பதற்கு ஒரு பெரிய சாட்சி உண்டு. நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999 செப்டம்பரில் செவ்வாயை நெருங்கியபோது தொலைந்துபோனது. கலத்தின் உந்துகருவிகள் கொடுக்கும் உந்தலைக் கணக்கிட்ட தரை மென்பொருள், பவுண்டு அளவையில் எண்களைக் கொடுத்தது. அவற்றை வாங்கிய மென்பொருள் அவற்றை நியூட்டன் அளவையாக எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் ஏறக்குறைய 4.45 மடங்கு வித்தியாசம். நியூட்டன் போன்ற மெட்ரிக் அளவையில்தான் தர வேண்டும் என்று ஆவணத்தில் எழுதியிருந்தது. எழுதியபடி வருகிறதா என்று யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை.

கேட்காமலே வந்து சேர்பவை

சிங்கப்பூரில் கடைக்காரர் சொல்லாமலே பட்டியலில் ஏற வேண்டியவை சில உண்டு. பழைய வாடிக்கையாளரை அடையாளம் காண அடையாள அட்டை எண்ணை வாங்கி வைக்கலாமே என்றார் முதலாளி. 2019 செப்டம்பர் 1 முதல், சட்டம் கோரினாலோ ஒருவரை மிகத் துல்லியமாக உறுதிப்படுத்த வேண்டியிருந்தாலோ தவிர, நிறுவனங்கள் அந்த எண்ணைச் சேகரிக்கக்கூடாது. இட்லிக்குத் தள்ளுபடி அந்த வகையில் சேராது. கைப்பேசி எண்ணோடு நிறுத்திக்கொண்டோம்.

பொருள், சேவை வரி 2023 ஜனவரி 1 அன்று 7 விழுக்காட்டிலிருந்து 8 ஆகவும், 2024 ஜனவரி 1 அன்று 9 ஆகவும் உயர்ந்தது. நிரலுக்குள் 8 என்று எழுதி வைத்தவர்கள் ஒரே ஆண்டில் மீண்டும் திறந்து திருத்த வேண்டியதாயிற்று. “வரி 9 விழுக்காடு” என்பது நல்ல தேவை இல்லை. “வரி விகிதமும் அது நடைமுறைக்கு வரும் தேதியும் கடைக்காரர் மாற்றக்கூடியவை” என்பது நல்லது. டிசம்பரில் பணம் கட்டி ஜனவரியில் சாப்பாடு வாங்குபவருக்கு எந்த விகிதம் என்ற கேள்வியைக் கணக்காளரிடம் கேளுங்கள், நீங்களாக ஊகிக்காதீர்கள். ஆண்டு விற்பனை 1 மில்லியன் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டாத கடை பொதுவாக இந்த வரிக்குப் பதிந்துகொள்ளக் கட்டாயமில்லை. அப்படிப்பட்ட கடைக்கு வரியே இல்லாத ரசீதும் வர வேண்டும்.

அப்புறம் பெயர். தந்தை பெயரை முன்னெழுத்தாகவோ, ‘எஸ்/ஓ’ (இன்னாரின் மகன்), ‘டி/ஓ’ (இன்னாரின் மகள்) போட்டோ எழுதும் நமக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் குடும்பப் பெயர் கட்டாயம் என்று நிற்கும் படிவங்களும், சாய்கோட்டைப் பார்த்ததும் ‘செல்லாத எழுத்து’ என்று சிவப்பில் கத்தும் படிவங்களும் எத்தனை! அடையாள அட்டையில் உள்ளபடி எழுதவும் என்று மேலே சொல்லிவிட்டு, உள்ளபடி எழுதினால் ஏற்க மறுக்கும் படிவத்தை நானே பார்த்திருக்கிறேன். யாரோ ஒருவர் தன் பெயரை மனத்தில் வைத்து எழுதிய தேவை அது. எங்கள் செயலியில் பெயருக்கு ஒரே கட்டம்.

சமையலறைச் சீட்டு தமிழில் வர வேண்டும் என்பதையும் யாரும் எழுதவில்லை. மாஸ்டருக்கு ஆங்கிலம் படிக்க வராது என்பது எல்லாருக்கும் தெரிந்ததால் யாரும் சொல்லவில்லை. கடையில் இருந்த அச்சு இயந்திரமோ தமிழ் எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்களைத் துப்பியது. சீட்டைப் படமாக மாற்றி அனுப்பித்தான் தீர்த்தோம்.

எது முதலில் என்று கேட்டால் எல்லாமே அவசரம் என்பார்கள். “தீபாவளிக்குள் மூன்றுதான் கிடைக்கும், எந்த மூன்று?” என்று கேளுங்கள், பதில் சட்டென்று வரும். 2001-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி, மென்பொருள் கட்டும் முறை பற்றி எழுதிய அஜைல் அறிக்கைக்குப் பிறகு, தேவையே எழுத வேண்டாம் என்று சிலர் பேசுவதைக் கேட்கிறேன். அந்த அறிக்கை அப்படிச் சொல்லவில்லை. ஆவணத்தைவிட ஓடுகிற மென்பொருளுக்கு மதிப்பு அதிகம் என்றது. ஆவணத்துக்கு மதிப்பே இல்லை என்று சொல்லவில்லை. சிறிது சிறிதாக எழுதி, சிறிது சிறிதாகக் கட்டிக் காட்டினால், தவறு உப்புமா அளவிலேயே நின்றுவிடும் என்பது என் அனுபவம்.

டிசம்பர் மாதம் மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நான்கு நாளாக விடாத மழை. “குளிர்ச்சியில் மாவு பொங்க நேரமாகிறது, தம்பி. 1 மணிக்கு ஊறப்போட்டால் சரிவராது, 10 மணிக்கே போட வேண்டும். உங்கள் செயலி 12 மணி வரை ஆள் சேர்க்கிறதே?” என்றார். 12:00 என்ற எண்ணை நாங்கள் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தோம். நோட்டை எடுத்தேன். மழை நாள் என்று எதை வைத்துச் சொல்வது, வானிலைத் தகவலை இணைக்க வேண்டுமா, யார் முடிவு செய்வது என்று அடுக்கினேன்.

“நான் சொல்வேன்” என்றார் மாஸ்டர். “அக்கா கல்லாவில் மாற்றிக்கொள்ளட்டும்.”

23-வது வரியாக அதை எழுதிக்கொண்டேன்.